ஒரு வரி அதிகம்

"நான் எதையும் நனைக்கல, எதையும் அலமாரியில திணிக்கல! என் மேல பழி போடறதுக்கு முன்னாடி உன் மூக்கை டாக்டர்கிட்ட காட்டு!"

"என் மூக்குக்கு ஒண்ணும் இல்ல. நனைஞ்ச கம்பளி நாத்தம் ஹால் வரைக்கும் அடிக்குது. நம்ம வீட்டுல கம்பளியே கிடையாது. அப்ப யாரு கொண்டுவந்து வெச்சது, உங்க லேப்டாப்பா?"

நாலாவது மாடி, பன்னிரண்டாம் எண் வீட்டில் சண்டை புதிதல்ல. சண்டையின் பொருள்தான் புதிது. வழக்கமாக கட்டில்மேல் கிடக்கும் ஈரத் துண்டு, மறந்துபோன கேஸ் புக்கிங், அக்கா வீட்டுக்குப் போகாமல் விட்ட ஞாயிறு என்று ஒழுங்கான காரணங்கள் இருக்கும். இந்தத் திங்கட்கிழமை, ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்க, வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, ஒரு நாற்றத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். ஒன்றும் இல்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கணவருக்குக் கட்டிடத்தில் 'தேடல்காரர்' என்று பெயர். குடிவந்த புதிதில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "தேடிக் குடுக்கற வேலை" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் புகுந்துகொண்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற மனுஷன் ஊருக்கே தேடிக் கொடுக்கிறாராம் என்று மனைவியே சொல்லிச் சிரித்த பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர். பதினேழு வாண்டுகள்.

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. மருத்துவமனை, அடுக்குமாடி வாசல், குழந்தைகள் காப்பகம் என்று நூற்றுச் சொச்சம் இடங்கள் தங்கள் பதிவேடுகளை ஒரே பெரிய கிளவுட் டேட்டாபேஸில் வைத்திருந்தன. பொதுக் கிடங்கு மாதிரிதான். ஒவ்வொரு வரியிலும் சொந்தக்காரர் எண் இருக்கும். ஒருவர் சரக்கு இன்னொருவர் கண்ணில் படாது. அந்தக் கிடங்குக்கு இவர் இன்டெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே, அதேதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அது எல்லா வாடிக்கையாளருக்கும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று போன மாதமே சொல்லியாகிவிட்டது.

சிக்கல் இதுதான். டேட்டாபேஸில் நாற்பத்தொரு லட்சத்து இருபதாயிரத்து முந்நூற்றாறு வரிகள். இன்டெக்ஸில் அதே எண், ஆனால் கடைசியில் முந்நூற்றேழு. ஒன்று அதிகம். இன்டெக்ஸை மொத்தமாக அழித்தார். திரும்பக் கட்ட ஐந்து மணி நேரம். முந்நூற்றேழு. மறுபடி அழித்தார். மறுபடி ஐந்து மணி நேரம். முந்நூற்றேழு. புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் கடைசிப் பட்டியல் விடாப்பிடியாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு தானே சார்?" என்று மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தார். அந்த ஆளுக்கு ஆபீஸில் 'அவசரம்' என்று பெயர். அனுப்புகிற எல்லாச் செய்திக்கும் அதுதான் தலைப்பு.

"ஒண்ணோ ஒம்பதோ, டேலி ஆகலைன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. நீங்க கட்டின வீடு, நீங்களே பெருக்குங்க."

செவ்வாய் முழுக்கப் பெருக்கினார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியின் கடகடப்புக்கும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலுக்கும் நடுவே, மேசையில் ஆடை கட்டிப்போன காப்பியை மறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே போனார். நாற்றம் அறைக்குள்ளும் வந்திருந்தது. நாள்பட்ட ஈரம், அதற்கடியில் ஏதோ மிருகத்தின் உடம்புச் சூடு. நாலு மணி தாண்டியதும் கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். கூரை வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இன்னொரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது.

புதன்கிழமை மதியம் அந்த வரி அகப்பட்டது.

வந்தவர்: உயரமான ஆள். அடையாளம்: நனைந்த கம்பளி நாற்றம், பேசமாட்டார். பார்க்க வந்தது: வீட்டு எண் 12. வந்த நேரம்: 4.10. போன நேரம் என்ற இடம் காலி.

படித்ததும் அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். அது அவர் கைப்பட எழுதியது. போன வியாழக்கிழமை தேடல் வேலை செய்கிறதா என்று பார்க்க, நாற்பத்தொரு லட்சத்தில் வேறெங்கும் இருக்க முடியாத வார்த்தைகள் தேவைப்பட்டன. நனைந்த கம்பளி என்று வாய்க்கு வந்ததை அடித்தார். சோதனைக்கு என்று தனி இடம் இருக்கிறது. ஆனால் அதற்குள் நுழையப் பத்து நிமிடம் ஆகும். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரையும் போல இவரும் நேரே நிஜப் பதிவேட்டிலேயே எழுதினார். அடுத்தவருக்குத் தொந்தரவு வேண்டாமே என்று நல்ல மனதோடு சொந்த வீட்டு எண்ணைக் கொடுத்தார். தேடினார், வந்தது, வரியை அழித்தார். போன நேரம் போடவில்லை. இல்லாத ஆளுக்கு எதற்குப் போன நேரம்?

சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்கக் கீழே இறங்கியபோது வாசல் காவலாளி டேப்லெட்டும் கையுமாக வழிமறித்தார்.

"சார், உங்க விருந்தாளி எப்பத்தான் கிளம்புவாரு? ஒரு வாரமா 'உள்ளே ஒருவர்'னே காட்டுது. செக்ரட்டரி என்னைப் போட்டு வறுத்தெடுக்கறாரு."

"யாரும் வரல அண்ணே. அது சிஸ்டம் தப்பு. நீங்களே வெளிய போயிட்டார்னு அடிச்சு விடுங்க."

"அடிக்கப் போனா அப்படி ஒரு பதிவே இல்லைங்குதே சார்." காவலாளி குரலைத் தாழ்த்தினார். "நான் ஆளைப் பாக்கல. ஆனா அன்னிக்கு நாலு பத்துக்கு லிஃப்ட் தானா நாலாவது மாடிக்குப் போச்சு. உள்ள யாருமில்ல. எடை தாங்கலைன்னு மணி மட்டும் அடிச்சுது."

வியாழக்கிழமை மனைவி பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"சோபாவுல யாரோ உக்காந்த பள்ளம் இருக்கு. தட்டித் தட்டி நிமித்தறேன், திரும்ப விழுது. நேத்து நீங்க வேலை பண்ணிட்டிருந்தப்ப உங்க பின்னாடி மூச்சுச் சத்தம் கேட்டுது. உங்க மூச்சு எனக்குத் தெரியும்."

"டென்ஷன் பண்ணாத. நாளைக்கு நாலு மணியோட எல்லாம் முடிஞ்சுடும்."

"நாளைக்கு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேன். வந்தா வாங்க. இல்ல, அந்த லேப்டாப்போடவே குடும்பம் நடத்துங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழாவது முறையாக இன்டெக்ஸை அழித்துக் கட்டினார். முந்நூற்றேழு. மனைவி காப்பகத்துக்குப் போயிருந்தாள், பெட்டி வாசலோரம் தயாராக நின்றது. மூன்றரை மணிக்கு அவசரத்தின் பதினோராவது அழைப்பு வந்தது. அப்போதுதான், தூங்காத தலைக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் படுகிற ஒரு யோசனை அவருக்கு வந்தது. இன்டெக்ஸிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாவிட்டால் என்ன? டேட்டாபேஸில் ஒன்றைக் கூட்டினால் போச்சு.

அந்த வரியை எழுத்து மாறாமல் திரும்ப எழுதினார். மாறினால் அது வேறு வரியாகிக் கணக்கு மறுபடி இடிக்கும். போன நேரத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். ஒப்பிடும்போது கணக்கில் வராத சொந்தக்காரர் எண் என்ற இடத்துக்கு வந்ததும் மட்டும் விரல் நின்றது. இந்தக் கட்டிடத்தின் எண்ணைக் கொடுத்தால் அது இந்த வீட்டிலேயே அல்லவா இருக்கும்? அந்த இடத்தைக் காலியாக விட்டார். யாருக்கும் சொந்தமில்லாமல் போய்த் தொலையட்டும்.

முந்நூற்றேழு. முந்நூற்றேழு.

நாற்றம் நின்றது. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். நிஜமாகவே இல்லை. ஹாலில் சோபா மெத்தை மெல்ல, தானாக, மேலே எழும்பியது.

"டேலி! பிரமாதம்!" என்றார் அவசரம் போனில். "எல்லா வாடிக்கையாளருக்கும் திறந்து விட்டாச்சு. இனி யாரும் கை வைக்கக் கூடாது."

"ஒரே ஒரு இடம் சார், போன நேரம்னு..."

"கை வைக்காதீங்கன்னேன்."

வைத்துப் பார்த்தார். திரை மறுத்தது: பொது வரி, திருத்த இயலாது. 'பொது வரி' என்ற இரண்டு வார்த்தைகளை அவர் திரும்பப் படித்தார். அப்புறம்தான் உறைத்தது. விதி அவர் எழுதியதுதான். விடுமுறைப் பட்டியல், மாதங்களின் பெயர் மாதிரியானவற்றுக்குச் சொந்தக்காரர் எண் கிடையாது. எண் இல்லாத வரி எல்லாருக்கும் சொந்தம்.

தேடல் பெட்டியில் நனைந்த கம்பளி என்று அடித்தார்.

நூற்று முப்பத்தெட்டு இடங்கள். மருத்துவமனை, பொது வார்டு: உள்ளே ஒருவர். முதியோர் விடுதி: உள்ளே ஒருவர். மகளிர் விடுதி: உள்ளே ஒருவர். வந்த நேரம், எல்லாவற்றிலும் 4.10. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஒன்பது.

விரலால் தள்ளிக்கொண்டே போனார். கடைசி வரி.

குழந்தைகள் காப்பகம். அழைத்துப்போக வந்தவர்: உயரமான ஆள்.

காப்பகத்தில் இருந்த மனைவிக்குப் போன் அடித்தார். எடுத்தாள்.

"வெளிய வா. பிள்ளைங்களைக் கூட்டிட்டு உடனே வெளிய வா."

"என்னங்க உளறறீங்க? இருங்க, யாரோ காலிங் பெல் அடிக்கறாங்க." நடக்கிற சத்தம். தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் மூச்சை இழுக்கிற சத்தம், மூக்கால். ஒரு முறை.

"என்னங்க," என்றாள்.

செருப்பில்லாமல் ஓடினார். படி. வாசல். தெரு. இன்னொரு தெரு. காப்பகத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பதினேழு குழந்தைகள் இருக்கிற அறையில் சத்தம் இல்லை.

வந்த ஆள் என்று அவர் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். பதினேழு குழந்தைகளும் வரிசையாக நின்று, கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஒரே இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையை ஒட்டி. பிறகு பதினேழு தலைகளும் ஒன்றாக, மெதுவாக, கீழே இறங்கின. அது குனிகிறது.

குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழைத்துப்போக வந்தது யாரையும் அழைத்துப்போகவும் இல்லை, அப்படியே இருந்துவிட்டது. அடுத்த மாதம் காப்பகம் மூடப்பட்டது. வரி இன்னும் திருத்தப்படவில்லை, யார் கையெழுத்துப் போடுவது என்பதில் ஆபீஸில் தகராறு. அவசரத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த ஆள் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் ஊரோடு போய்விட்டார். தேடல்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு, பதிவேடு வைக்காத இடமாகப் பார்த்து லாட்ஜ் லாட்ஜாக மாறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மனைவி அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விவாகரத்து வாங்கி, இரண்டு வருடம் கழித்து ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டு தொலைவில் எங்கோ குடியேறினாள். நல்ல மனுஷன், கேட்டதைச் செய்து கொடுப்பார். புது வீட்டில் எல்லாக் கதவையும் கூரை தொடுகிற உயரத்துக்கு வைக்கச் சொன்னாள். வைத்தார். எதற்கு இத்தனை உயரம் என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"குனிஞ்சு உள்ள வந்தா, முகம் நம்ம முகத்துக்கு நேரா வந்துடுதுங்க," என்றாள்.