குரங்கணிச் சரிவில் பன்னிரண்டு தேன்பெட்டிகள்

“எம் புருஷன் திருடலம்மா! நேத்து டீக்கடை முன்னாடி ஊரைக் கூட்டித் திருடன்னு சொல்லிட்டாரு மொதலாளி. இன்னைக்கு மத்தியானம் போலீசுல குடுக்கப் போறாராம்.”

குரங்கணியிலிருந்து முதல் ஜீப்பில் வந்த இருளம்மாள், போடியில் கிருபாராணியின் வீட்டு வாசலிலேயே அழுதுவிட்டாள். கிருபாராணி காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கணவர் எபினேசருக்கு ஏலக்காய்க் கடை. துப்பறிவதென்றால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

காப்பி பூத்த சரிவில் முதலாளி முத்துக்கண்ணன் வைத்திருந்த பன்னிரண்டு தேன்பெட்டிகளையும் காணோம். பராமரித்தவன் இருளம்மாளின் கணவன் காசிமாயன். முந்தாநாள் ராத்திரி அவன்தான் ஜீப்பில் ஏற்றினான் என்று சாதிக்கிறான் காவலாளி பால்ராஜ்.

“முந்தாநாள் பகல் பூரா உங்க கடையிலதானே மூடை எறக்குனாரு அண்ணே!” என்றாள் இருளம்மாள்.

“ஆமா, ஆனா பொழுது சாயவும் கெளம்பிட்டானே,” என்றார் எபினேசர். ராத்திரிக்குத்தான் சாட்சி இல்லை.

கிருபாராணி நிதானமாகக் கேட்டார்: “பூ மாறுனா பெட்டிய எப்ப எடம் மாத்துவீங்க?”

“பொழுது அடைஞ்ச பொறவுதாம்மா. மேயப் போன ஈயெல்லாம் திரும்பணும்ல. பொறவு வாசலை அடைச்சுத் தூக்குவோம்.”

மூவரும் ஜீப்பில் குரங்கணிக்குப் போனார்கள். சரிவில் பெட்டிகளைத் தாங்கியிருந்த கட்டைக் கால்கள் மட்டும் நின்றன. அவற்றில் கைப்பிடி கைப்பிடியாகத் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. எபினேசர் பத்தடி தள்ளியே நின்றார். முத்துக்கண்ணனும் பால்ராஜும் வந்தார்கள்.

“எத்தனை மணி வரைக்கும் பெட்டி இருந்துச்சு?” என்று கிருபாராணி கேட்டார்.

“ஆறரை வரைக்கும் எங் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. எட்டு மணிக்குத் தூக்குனான்,” என்றான் பால்ராஜ்.

“எட்டு மணிக்குத் தூக்கியிருந்தா இந்த ஈயும் பெட்டிக்குள்ளேயே போயிருக்கும். இதுக மேயப் போன நேரத்துல வீட்டைத் தூக்கிட்டாங்க. பெட்டி போனது பகல்ல. பகல் முழுக்கக் காசிமாயன் எங்க கடையில மூடை எறக்கிட்டு இருந்தான். தேனீயோட பழகுனவன் பாதிக் கூட்டத்தை விட்டுட்டுப் போகவும் மாட்டான். பட்டப்பகல்ல நீதானே காவலு, பால்ராஜ்?”

பால்ராஜ் ஓரடி பின்வாங்கினான். “சிலமலையில… மச்சான் தோட்டத்துல இருக்குதும்மா.”

எபினேசர் சந்தோஷத்தில் கைதட்டியே விட்டார். முத்துக்கண்ணன் இருளம்மாள் பக்கம் திரும்பினார்.

“சரி விடு இருளம்மா. கேசு இல்ல. காசிமாயனை நாளைக்குச் சோலிக்கு வரச் சொல்லு.”

இருளம்மாள் நகரவில்லை. “ஊரைக் கூட்டித் திருடன்னு சொன்னீக மொதலாளி. ஊரைக் கூட்டி இல்லேன்னு சொல்லுங்க. சோலியப் பொறவு பேசுவோம்.”

முத்துக்கண்ணன் துணைக்கு ஆள் தேடுவதுபோல் கிருபாராணியைப் பார்த்தார். கிருபாராணியோ அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

“ஏறுங்க, டீக்கடைக்குத்தான் போறோம். இந்நேரம் கூட்டம் இருக்கும்.”