சூடு ஆறாத மாவுக்கட்டு

மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். அது அதன் குணம். கால் மணி நேரம் கதகதவென்று இருந்துவிட்டு, பிறகு ஆறி, கல்லாட்டம் குளிர்ந்துபோகும். பெரியக்காவுக்குத் தெரியாத சங்கதியா இது? பதினாறு வருஷமாக அந்தக் கலைக்கூடத்தின் மாடியில், அதே ஜன்னலோர மேஜையில், ஊரில் பாதிப் பேர் மூஞ்சியில் மாவு தோய்ந்த ஈரத்துணி ஒட்டி முகமூடிக்கு அச்செடுத்தவள். ஆனால் வியாழக்கிழமை, நாடகத்தில் ராஜா வேஷம் கட்டும் தையல்காரரின் தலையில் எடுத்த அச்சு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலமாரியிலிருந்து இறக்கியபோதும் சூடாக இருந்தது. கை சுடும் சூடு இல்லை. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு.

வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று நாளாக விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. அலமாரி இருந்த மூலையில் ஜன்னலும் கிடையாது. இருந்தாலும் மனுஷ மனம் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடுமா?

அச்சைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். முழுத்தலை அச்சு அது. பின்மண்டை ஒரு பாதி, முகம் ஒரு பாதி. இரண்டையும் சேர்த்துக் கட்டி, உள்ளே பஞ்சு ஒட்டி வெளியே வண்ணம் அடித்தால் அதுவே முகமூடி. உள்ளிருந்து சளிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை குப்பென்று அடித்தது. தையல்காரருக்குச் சளியே இல்லை. பெரியக்கா அச்சை மேஜையில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

கீழே கூடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. செவ்வாய் நடனம், புதன் ஓவியம், வெள்ளி பாட்டு என்று வாரம் முழுக்க வகுப்புகள் நடக்கிற இடம்தான் என்றாலும், வருஷத்துக்கு ஒருமுறை போடும் முகமூடி நாடகம்தான் அந்தக் கூடத்தின் பெயரைக் காப்பாற்றி வந்தது. அக்காவும் தங்கையுமாக ஆரம்பித்த இடம். வந்தவர்கள் எல்லோரும் மூத்தவளைப் பெரியக்கா என்றும் இளையவளைச் சின்னக்கா என்றும் கூப்பிட்டார்கள். சின்னக்கா செத்துப்போய் மூன்று வருஷமாகிறது. அவள் மகளை, சின்ன வயசில் வைத்த பட்டப்பெயராலேயே இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயசு, பெரியக்காவைவிட ஒரு சாண் உயரம். என்ன பொடிசோ!

சின்னக்கா போன பிறகு அங்கே முழுத்தலை அச்சு எடுக்கவே இல்லை. அரை முகத்தோடு சரி. இந்த வருஷம்தான் பொடிசு பிடிவாதம் பிடித்து ராஜா வேஷத்துக்கு முழுத்தலை வேண்டும் என்றாள். அம்மாவின் குறிப்பு நோட்டைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, தையல்காரரை உட்காரவைத்துத் தானே கட்டினாள். அன்று பெரியக்கா தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

தையல்காரர் அச்சை மாட்டிப் பார்க்க மேலே வந்தார். மாட்டிய வேகத்தில் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது என் மூஞ்சியே இல்ல."

"நல்லா பாருங்க. புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கே அளவெடுக்கறேன், என் தலை அளவு எனக்குத் தெரியாதா? கன்னத்துல இடிக்குது. அதுகூடப் பரவாயில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள யாரோ மூச்சுக்குத் தவிக்கற சத்தம் கேக்குதுக்கா. அது என் மூச்சுதான்னு சொல்லாதீங்க. நான் அடக்கிப் பார்த்துட்டேன்."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. வேறு ராஜாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கிப் போனார். நாடகத்துக்கு ஆறே நாள்.

பெரியக்கா திரும்பினாள். வாசலில் பொடிசு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நீங்களே போட்டுடுங்க பெரியம்மா. வசனமெல்லாம் உங்களுக்குத் தலைகீழாத் தெரியும்."

"நானா? இந்த வயசுல ராஜா வேஷம் ஒண்ணுதான் குறைச்சல்."

"இன்னிக்கே அச்செடுத்துடலாம். இப்பவே."

பெரியக்கா நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்; மழையில் காயாது என்றாள்; இடுப்பு வலிக்கிறது என்றாள். சத்தம் கேட்டு ஒத்திகைக்காரர்கள் நாலைந்து பேர் படியேறி வந்துவிட்டார்கள். "ஆமாம்க்கா, நீங்க போட்டா கூடமே அதிரும்" என்று ஒருத்தி கை தட்டினாள். பொடிசு அத்தனை பேர் முன்னிலையிலும் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிடும்னு பயமா? அது மூச்சிரைப்புன்னு டாக்டரே சொன்னாரே. நீங்களும் பக்கத்துலயேதானே இருந்தீங்க?"

எல்லோரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தால் இந்தப் பெண் விடமாட்டாள்; தோண்டித் துருவிவிடுவாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் இந்த ஒருத்திதான் இருக்கிறாள். இவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. என்ன ஆனாலும் இவளுக்குத் தெரியக்கூடாது.

"எனக்கென்ன பயம்?" என்று சிரித்து, போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். ரப்பர் தொப்பிக்குள் முடி போனது. புருவத்தில் வாஸ்லின் ஏறியது. கத்தரித்து வைத்த துணி ஒவ்வொன்றாக வெந்நீரில் முங்கி, பிழியப்பட்டு, பின்மண்டையில் படிந்தது. காதுகள் மூடின. உலகம் கிணற்றுக்குள் போனதுபோலாயிற்று. பிறகு நெற்றி, கண்கள், கன்னம், வாய். வெள்ளை வெளிச்சம் சாம்பலாகி, சாம்பல் இருட்டாயிற்று. மூக்குத் துளை இரண்டும் மட்டும் திறந்திருந்தன. பொடிசின் கை சுறுசுறுப்பான கை. நகம் கடித்துக் கடித்து விரல்நுனி சொரசொரவென்றிருக்கும். அந்தச் சொரசொரப்பு ஈரத்துணிக்கு மேலே ஓடுவது பெரியக்காவுக்குத் தெரிந்தது.

"ஏதாவது கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்க பெரியம்மா."

அவளும் கையைத் தூக்கினாள்தான். சின்னக்கா. இதே நாற்காலியில், இப்படித்தான் முழுத்தலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். பெரிய நாடகக் கம்பெனி ஒன்று முகமூடி வேலை முழுவதையும் அவளிடம் ஒப்படைக்கிறோம் வா என்று கடிதம் போட்டிருந்த வாரம். சின்னக்கா போயிட்டா இந்தக் கூடம் என்னாகும் என்று கேட்காத ஆள் இல்லை. பெரியக்கா இருக்காங்களே என்று ஒரு நாய்கூடச் சொல்லவில்லை. அந்த எரிச்சல், வயிறு பற்றியெரிகிற எரிச்சல், வாரம் முழுக்க உள்ளேயே புகைந்தது. தங்கையின் கை உயர்ந்தபோது பெரியக்கா கையில் கத்தரிக்கோல் இருந்தது. இணைப்பில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் கட்டு திறந்துவிடும். வெட்டவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் கை விழுந்தது. அப்புறமும் வெட்டவில்லை. பொடிசு அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

கட்டு இறுக ஆரம்பித்தது. சூடு கன்னத்தில் பரவியது. கீழே கூடத்தில் கால்கள் தாளத்துக்குத் தரையில் விழும் சத்தம் கட்டைத் தாண்டி மங்கலாகக் கேட்டது. தாளம் தப்பியது. யாரோ அதட்டி எண்ணினார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ராஜா இருக்கார்னு நினைச்சுக்கிட்டு வாங்க! மறுபடி முதல்லேருந்து!"

பொடிசின் குரல்.

பெரியக்காவின் நெற்றியில் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தன் இடத்தில் வேறு யாரையாவது உட்காரவைத்துவிட்டுப் பொடிசு இறங்கியிருப்பாள் என்று நினைத்தாள். எப்போது போனாள்? சொல்லாமல் போவாளா? விரல்கள் புருவத்தைத் தாண்டி மூக்குத்தண்டில் இறங்கின. சொரசொரப்பு இல்லை. வழவழவென்ற, நீளமான, அவசரமே இல்லாத விரல்கள். துணியின் ஓரத்தைச் சுண்டுவிரலால் மடித்துவிடும் விரல்கள். அப்படி மடிக்க இந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் வரும். எத்தனையோ தரம் முயன்றும் பெரியக்காவுக்கே வராத வித்தை அது.

தைல வாடை.

மூக்கின் அருகே. மூச்சோடு மூச்சாக.

பெரியக்கா கையைத் தூக்கினாள். தூக்கிய கையை ஒரு கை பிடித்தது. ஈரமான கை. முரட்டுத்தனமே இல்லை, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, இறக்கி, மடியில் வைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்தது.

எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. தோள்மேல் பாரம். வாய்க்குள் கத்தினாள். கத்தல் பல்லில் மோதித் திரும்பியது. தாடைக்குக் கீழே இணைப்பைத் தேடி நகத்தால் பிராண்டினாள். இணைப்பு இல்லை. கழுத்து வரைக்கும் வழுவழுவென்று ஒரே கட்டு. சூடு ஏறியது. ஆறவில்லை. இன்னும் ஏறியது.

காதருகே மூச்சு. தவிக்கிற மூச்சு. உள்ளே இழுத்து, கிடைக்காமல், மறுபடி இழுத்து.

'தெரியாம பண்ணிட்டேன்டி.' மனசுக்குள் கெஞ்சினாள். 'தெரியாம பண்ணிட்டேன்.' பொய். தெரிந்துதான். பக்கத்தில் இருந்தவளுக்கும் அது தெரியும். தோள்மேல் பாரம் கூடியது.

அப்போது படியில் காலடி. ஒன்றுவிட்டு ஒரு படி தாவும் காலடி. பொடிசு! அப்பாடா, பொடிசு! பெரியக்கா நாற்காலிக் கையை ஓங்கி ஓங்கி அடித்தாள். வா. ஓடி வா. கிழித்தெடு. எல்லாம் சொல்லிவிடுகிறேன், ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், என்னை வெறுத்துக்கொள், வீட்டை விட்டுத் துரத்து, முதலில் இதைக் கிழி.

காலடி வாசலில் நின்றது.

பொடிசு கத்தவில்லை. பதறவில்லை. என்ன ஆச்சு பெரியம்மா என்றுகூடக் கேட்கவில்லை. முக்காலி ஒன்று தரையில் இழுபட்டது. நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது. அதில் ஆள் உட்காரும் சத்தம். பிறகு தண்ணீரில் துணி முங்கும் சத்தம், பிழியும் சத்தம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் திரும்பவும் பாத்திரத்தில் விழும் சத்தம்.

"கையை எப்படி அடிக்குது பாரேன்" என்றாள் பொடிசு. அஞ்சு வயசில் கொஞ்சிப் பேசுவாளே, அந்தக் குரல்.

அது பெரியக்காவிடம் சொன்னது இல்லை.

"போதுமாம்மா? இல்ல, இன்னும் ஒரு சுத்து போடட்டுமா?"

பொடிசு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா" என்றாள்.

மேலுதட்டில் ஈரம் பட்டது. மூக்கின் இரண்டு துளைகளின் மேலும் துணி வந்து படிந்தது. நான்கு கைகள் அதை நிதானமாக நீவிவிட்டன.