வைக்கோல் கன்றின் வாய்

சினிமாக்காரர்கள் வைக்கோல் கன்றைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டபோது அதன் வாய்த் தையல் பிரிந்திருந்தது.

யார் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் பச்சியப்பன் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். வாலைப் பார்த்தான், காலுக்குள் செருகிய குச்சிகளைப் பார்த்தான், வயிற்றை அமுக்கினான். எல்லாம் சரி. வாய் மட்டும் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே ஆட்டுப் பல்லை வைத்துச் சிவப்புத் துணியில் ஒரு நாக்கும் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கண் இருந்த இடத்தில் சோடா பாட்டில் கோலி இரண்டு.

அது செவலை மாடு ஈன்ற காளைக் கன்று. தை மாதம் செத்தது. கேட்டவர்களிடம் கழிச்சல் என்று சொல்லிவைத்தான். கழிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாடு பால் விடுகிறவரைக்கும் காம்பில் வாய் வைக்க விடுவான். விட்டதும் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டு, கடைசிச் சொட்டு வரை கறந்து ஒகேனக்கல் ரோட்டு டீக்கடைக்கு ஊற்றிவிடுவான். காளைக் கன்றுதானே, இருந்து என்ன பண்ணப்போகிறது? இருபத்தாறாம் நாள் காலையில் அது வாயைத் திறந்தபடி கிடந்தது.

கன்றைக் காணாவிட்டால் மாடு மடியை இறுக்கிக்கொள்ளும். பென்னாகரத்தில் தோல் வாங்குகிற ஜமீர் பாய் வந்து, கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்து நிறுத்திக் கொடுத்தார். செவலை அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. எல்லா ஊரிலும் செய்வதுதான். ஆனால் பாய் அந்த வாயைத்தான் ரொம்ப நேரம் தைத்தார். இரட்டை வார் போட்டுத் தைத்தார்.

"பசியோட போன தோலு பச்சியப்பா. வாயி மூட மாட்டேங்குது" என்றார்.

பச்சியப்பன் கூலியை எண்ணி அவர் கையில் வைத்தான்.

சித்திரையில் வேன் வந்தது. எட்டுப் பேர், ஒரு கேமரா. விஷக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்த ஆடுமாடெல்லாம் எழுந்து வந்து மனுஷனைக் கடிக்கிற கதையாம். ராத்திரியில் எடுக்க விளக்குக்கு வழியில்லை. உச்சி வெயிலில் கேமராவுக்கு முன்னால் நீலத்தாளை வைத்து, இதுதான் நடுராத்திரி என்றார்கள். ஆடுகளுக்குப் பூசிய மைதா மாவை ஆடுகளே ஒன்றை ஒன்று நக்கித் தீர்த்துவிட்டன. வாயில் சோப்பு நுரை வைத்த எருமை தும்மிக்கொண்டே இருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பச்சியப்பனின் கொட்டகை. உள்ளே வைக்கோல் கன்று.

கேட்டதும் கொடுக்கிற ஆள் இல்லை அவன். சாயங்காலக் கறவைக்குள் வந்துவிட வேண்டும் என்று மூன்று தரம் சொல்லித்தான் கொடுத்தான். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சாலம்மாளுக்குத் தாய்ப்பால் பத்தவில்லை. இருபது நாள் பிள்ளைக்குச் செவலையின் பாலைத்தான் சங்கில் ஊட்டினார்கள்.

சொன்னபடி வந்தது. ஆனால் நான்கு நாள் வேலை என்றவர்கள் அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்கள். கன்றைத் தூக்கி வந்த அசிஸ்டென்ட் அதைத் தன் உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தான்.

"கயிறு கட்டி இழுக்கணும், அதுதாங்க ஷாட்டு" என்றான். "கயித்த எடுக்க வேனுக்குப் போனேன். நான் வரதுக்குள்ள அது பாதி தூரம் வந்திருந்துச்சுங்க."

பச்சியப்பன் நம்பவில்லை. பொய்யைப் படம் பிடிக்கிறவன் வேறு என்ன சொல்வான்?

மறுநாள் விடியலில் செவலையின் மடி காலிப் பையாகத் தொங்கியது. காம்பு நாலும் ஈரமாக இருந்தன. தொட்டால் சூடு. எவனோ புகுந்து கறந்துவிட்டான். பக்கத்துக் காட்டு மல்லையன்தான். எதிரில் பார்த்தபோது அவன் சிரித்ததே சரியில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் பச்சியப்பன் கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினான். ராத்திரியில் வெளியே விட்டத்தில் தொங்கவிடுகிற வைக்கோல் கன்றையும் திருடிவிடுவான் என்று மாட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, படலைச் சாத்திப் பூட்டினான்.

விடிந்து பார்த்தால் பூட்டு அப்படியே இருந்தது. மடியில் பால் இல்லை.

கொட்டகைக்குள் எப்போதும் சாணியும் மூத்திரமும் உலர்ந்த வைக்கோலும் கலந்து ஒரு வாடை அடிக்கும், அவனுக்குப் பழகின வாடை. இப்போது அதற்கு அடியில், புதுக் கன்றின் வாயைக் கிட்டத்தில் மோந்தால் வருமே, அந்தப் புளித்த பால் வாடை, மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு வந்தது. வைக்கோல் கன்றின் மூஞ்சியில் ஈ மொய்த்தது. துரத்தினால் வாய்க்குள் போயின. துணி நாக்கைத் தொட்டான். நனைந்திருந்தது. வயிற்றை அமுக்கினான். வைக்கோல் நொறுங்கவில்லை. தளும்பியது.

வெளியே வந்து கையை மண்ணில் தேய்த்தான். மாடுதான் நக்கி நனைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், கன்று எப்படிச் செத்தது என்று அவள் கேட்பாள்.

வீட்டுக்குள் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. சாலம்மாள் சோறு வடித்த கஞ்சியைத் துணியில் நனைத்துப் பிழிந்தாள். அது துப்பிவிட்டு மறுபடி அழுதது.

மூன்றாம் நாள் காம்பில் ரத்தம். செவலை கண்ணைப் பாதி செருகிக்கொண்டு, விலா எலும்பு தெரிய நின்று, அந்தக் கன்றின் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது. பிடித்து இழுத்தும் வரவில்லை.

நான்காம் நாள் செத்துக் கிடந்தது.

செத்த மாட்டின் தோலையும் திருடுவார்கள். அவன் படலைப் பூட்டிவிட்டு ஜமீர் பாயைக் கூப்பிடப் பஸ் ஏறினான். பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். நோயா? எத்தனை நாளா? பச்சியப்பன் சினிமாக்காரர்கள் கதையைச் சொன்னான், தையல் பிரிந்ததையும் சொன்னான். கத்தி நின்றது.

"வாயத் தெறந்து உட்டுட்டாங்களா?"

"ஆமா பாய்."

"மாடு செத்துப்போச்சுங்கிற. இப்ப அது எங்க?"

"பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

"வூட்டுல பாலோட யாரு இருக்கறது?"

பச்சியப்பன் அதற்குள் ரோட்டுக்கு ஓடியிருந்தான்.

பஸ் இறங்கி நடந்தபோது உச்சி வேளை. ஊரில் ஒரு தலையும் இல்லை. கொட்டகைப் பூட்டு தொங்கியது. படலின் அடி மூங்கில் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. அங்கிருந்து புழுதியில் குழிகள். குச்சி ஊன்றின குழிகள். நாலு நாலாக. வீட்டு வாசல் வரைக்கும்.

பிள்ளை அழவில்லை.

நாலு நாளாக ஓயாத அழுகை. இப்போது இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டு. வெயிலில் வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. புளித்த பால் வாடை மட்டும்.

தூளியை விலக்கினான். பேரன் உள்ளேதான் இருந்தான். விழித்துக் கிடந்தான். விரலைச் சப்பிக்கொண்டு. அழத் தெம்பில்லை.

சுவரோரம் சாலம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி செருகியிருந்தது. மடியில் எதையோ அணைத்து முந்தானையால் மூடியிருந்தாள். கை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. உதட்டில் வெளுப்பு.

"சத்தம் போடாதீங்கப்பா" என்றாள். "இப்பத்தான் வாய வெச்சிருக்கான்."

தரையெல்லாம் வைக்கோல்.

முந்தானைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காய்ந்த வால், பால் குடிக்கிற கன்றின் வால் எப்படி ஆடுமோ, அப்படி ஆடியது.