ஏரிப்பாசி

அன்று சாயங்காலம் அந்த மலைக்குடிசையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடலுக்குப் போய் நான்கு மாதமாகத் திரும்பாத ரூரியின் மனைவி மார்சலி. அவள் தங்கை எஃபி.

அப்புறம், ரூரி.

லூயிஸ் தீவில் கோடை வந்தால் பெண்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்கு ஏறிவிடுவார்கள். அக்காவும் தங்கையும் ஏரிக்கரைக் குடிசைக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஆறு நாளும் கதவுக்குத் தாழ் போடவில்லை. கடலில் போனவனின் உடல் கிடைக்கும்வரை அவன் பெண்டாட்டி எங்கே தங்கினாலும் தாழ் போடக்கூடாது. அங்கே அப்படித்தான்.

பால் கறக்கும்போது கரையில் ஒரு கறுப்புக் குதிரை தனியாக நின்றது.

"யார் குதிரைடி அது?"

"யாருதோ. வந்ததுலேருந்து உன்னையேதான் பாக்குது. கட்டிக்கோ, மச்சானைவிட லட்சணமாத்தான் இருக்கு."

நான்கு மாதத்தில் மார்சலி சிரித்தது அதுதான் முதல்முறை.

பால் வாளியோடு அவர்கள் திரும்பியபோது அடுப்பருகே ரூரி உட்கார்ந்திருந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

மார்சலி கத்தவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கடா போன?"

"தண்ணியில."

அவன் குரல்தான். ஆனால் வாய் திறந்ததும் சேறு நாறியது.

மார்சலி அவன் முடியைக் கோதினாள். பாசி உதிர்ந்தது. எஃபி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கடற்பாசி தடியாக, வழுவழுவென்று இருக்கும். இது நூல்போல் மெல்லிசு. நாக்கில் வைத்தாள்.

உப்பே இல்லை.

"அக்கா," என்றாள் மெல்ல. "இது ஏரிப்பாசி. கையை எடு."

"தெரியும்டி." மார்சலி கையை இழுத்துப் பார்த்தாள். "எடுக்க வரல."

வலதுகையில் இரண்டு விரல்கள் அவன் முடியோடு ஒட்டியிருந்தன.

அவன் எழுந்தான். அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். முதல் அடியில் கால் சத்தம். அடுத்த அடியில் குளம்புச் சத்தம்.

எஃபி கத்தியை எடுத்தாள்.

"பாக்காதக்கா."

மூன்று முறை அறுக்க வேண்டியிருந்தது.

கறுப்புக் குதிரை ஏரிக்குள் பாய்ந்தது. அதன் பிடரியில் இரண்டு விரல்கள் தொங்கின.

எஃபி அக்காவைப் படுக்க வைத்துக் கையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். காயம் கழுவ ஏரித் தண்ணீரைத் தொட அவளுக்கு மனமில்லை. மேட்டில் ஊற்று இருந்தது.

"இதோ வந்துடுறேன். தாழ் போட்டுக்கோ."

"மாட்டேன்."

"பைத்தியமா நீ? இப்பத்தானே பாத்த?"

"அது அவன் இல்லடி. நெஜமாவே அவன் வந்து, கதவு பூட்டியிருந்தா?"

வாதாட நேரமில்லை. எஃபி ஓடினாள்.

திரும்பி உள்ளே வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. தரையில் கட்டுத்துணி கிடந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை. கதவோரம் மார்சலி நின்றிருந்தாள். தலையெல்லாம் ஈரம்.

"எதுக்குக்கா கட்டை அவுத்த? வலிக்கலையா?"

"போயிடுச்சு."

அவள் எஃபியின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். ஆறு நாளாக யாரும் தொடாத தாழை இழுத்துப் போட்டாள்.

தாழைப் பிடித்த அந்த வலதுகையில் ஐந்து விரல்களும் இருந்தன.