மரக்கட்டைக் கால்கள்

அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லும். வீட்டிலும் தெருவிலும் அவள் மிளகாய். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அது சிவக்காத நாளை நான் பார்த்ததே இல்லை என்பான் அண்ணன்.

அன்று மூக்கோடு காது மடலும் சிவந்திருந்தது. காரணம், டிரையத்லான் பயிற்சி.

முதலில் நீச்சல், உடனே சைக்கிள், உடனே ஓட்டம். நீச்சலில் மிளகாய் சுமார்தான். சைக்கிளில் அவளை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் மரக்கட்டையாகிவிடும். அவள் தத்தித் தத்தி நடக்க, ஒவ்வொருவராகத் தாண்டி ஓடுவார்கள். அதிலும் அந்த நெட்டை! எதிர் வீட்டுக்காரி, ஒரே வகுப்பு வேறு.

"என்ன மிளகா, காலைச் சைக்கிள்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே நெட்டை ஓடினாள்.

பயிற்சி கொடுக்கும் அக்கா மிளகாயைக் கூப்பிட்டார். "அணியில ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஒண்ணு நீ, இல்லைன்னா நெட்டை. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல யார் முன்னாடி வர்றீங்களோ அவங்களுக்குத்தான். அப்புறம் என்னை முறைக்கக் கூடாது."

மிளகாய் அப்போதே முறைத்தாள்.

மறுநாள் மாலை சைக்கிளை எடுத்தால், கியர் மாறவே மாட்டேன் என்கிறது! அண்ணன் துடைத்து வைக்கிறேன் பேர்வழி என்று எதையோ கழற்றி, எதையோ மாட்டியிருந்தான். இருப்பதிலேயே லேசான கியரில் அது சிக்கிக்கொண்டுவிட்டது. கால் மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது, சைக்கிளோ ஊர்ந்தது. மூன்று சக்கர வண்டியில் போன ஒரு பொடியன் அவளை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

பூங்காவைச் சுற்றி முடிப்பதற்குள் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. வாசலில் சைக்கிளைப் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணன் ஓட்டம் பிடித்தான். மிளகாய் விடவில்லை. தெருக்கோடி தாண்டி, மருந்துக் கடை தாண்டி, சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"என் சைக்கிளை என்னடா பண்ணின?" கோபத்தில் அண்ணன் என்ற மரியாதைகூடப் பறந்துவிட்டது.

"விடுடி!" அண்ணனுக்கு மூச்சு இரைத்தது. "இறங்கினா நடக்கவே வராதுன்னு சொன்னே... இப்ப எப்படி இந்த ஓட்டம் ஓடின?"

மிளகாய் குனிந்து பார்த்தாள். மரக்கட்டை அல்ல, கால்கள்தான்!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதும் அவள் கனமான கியரைப் போட்டுக் கடைசி வரை மிதிமிதி என்று மிதிப்பாள். பாவம், கால்களின் பலம் அங்கேயே தீர்ந்துபோகும். இன்று லேசாகச் சுற்றியதால் ஓட மிச்சம் இருந்தது.

கியரைச் சரி செய்ய வைத்தாள். அதன்பிறகு தினமும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். கடைசித் திருப்பத்தில் லேசான கியருக்கு மாறுவாள். ஓடத் தொடங்கும்போது குட்டிக் குட்டி அடியாக, வேகமாக வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளில் மிளகாய்தான் முன்னால். கடைசித் திருப்பத்தில் கியரை மாற்றினாள். சர்ரென்று நெட்டை அவளைத் தாண்டினாள்! சைக்கிளில் மிளகாயைத் தோற்கடித்தே தீருவதென்று அவள் வாரம் முழுக்கக் கனமான கியரில் மிதித்துப் பழகியிருந்தாள்.

"பை பை, மிளகா!"

மிளகாயின் மூக்கு சிவந்தது. விரல் கனமான கியரைத் தேடிப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை இழுத்துக்கொண்டாள். அந்த வாரத்திலேயே அவள் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

ஓட்டத்தில் கொஞ்ச தூரம் போனதும் நெட்டை தெரிந்தாள். தொடையைக் குத்திக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணில் நீர். "வர மாட்டேங்குதே!" என்று தன் கால்களையே திட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லா வேணும் என்று நினைத்தபடி மிளகாய் தாண்டிப் போனாள். ஆனால் அந்த வலி எப்படி இருக்கும் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் முன்பு வரை அங்கே நின்றது அவள்தானே. இதை நினைத்ததும் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏய் நெட்டை! அடியை நீட்டி வைக்காதே. குட்டி குட்டியா, வேகமா வை!"

"உன் வேலையைப் பாரு!"

"சொன்னா கேளுடி! குட்டி அடி!"

நெட்டை வைத்துப் பார்த்தாள். கால் வந்தது. கொஞ்ச நேரத்தில் நன்றாகவே வந்தது. மிளகாயின் முதுகுக்குப் பின்னால் தபதபவென்று சத்தம் நெருங்கியது.

'கொஞ்சம் மெதுவா வந்தா குறைஞ்சா போயிடுவா!' என்று கறுவிக்கொண்டே மிளகாய் உயிரைக் கொடுத்து ஓடினாள். முடிவுக் கோட்டைத் தொட்டபோது இருவருக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. அந்த ஒரு முழம் முன்னால் இருந்தவள் மிளகாய்.

இருவரும் புல்லில் விழுந்து கிடந்தார்கள்.

"ஏன்டி எனக்குச் சொன்ன? இடம் போயிருந்தா?"

"நடக்கிறவளைத் தோற்கடிச்சா அது ஒரு ஜெயமா? பேசாம மூச்சு வாங்கு!"

நெட்டை மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் ஓடப் போனா என்னையும் கூப்பிடுறியா?"

"கூப்பிடுறேன். ஆனா இன்னொரு தடவை இவ்வளவு கிட்ட வந்தே, தோலை உரிச்சுடுவேன்!" என்று அதட்டியபடி, கையை நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள் மிளகாய்.