நாற்பத்து மூன்றில் நின்ற கோடு

நாற்பத்து மூன்று விழுக்காட்டில் நின்ற கோடு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. லினக்ஸ் போட்ட பழைய கணினி, புத்தம்புது பிரிண்டர். டிரைவர் மென்பொருளை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி வேலை என்று வந்தவன், சன்னலே இல்லாத அந்தக் கோப்பறையில், நனைந்து காய்ந்த காகித வாடையில், மூக்கைத் தேய்த்தபடி இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரே வரி: வேறொரு நிறுவல் ஓடுகிறது, அது முடியும்வரை காத்திருக்கவும். பதினொரு நாளாக ஓடுகிறதாம். அணைந்து கிடந்த கணினியை அவன் ஆன் செய்ததே இன்று மதியம்தான்.

அந்த அலுவலக மேலாளர், இவன் வந்ததிலிருந்தே முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே போன் கூடாது என்று பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டார். முன்னால் வந்த ஆள் ஏன் முடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "பாதியிலேயே கிளம்பிட்டாரு," என்றதோடு சரி. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் பாட்டு வகுப்பு விட்டு மகள் வாசலில் நிற்பாள். தாயில்லாப் பிள்ளை. இன்றைக்காவது நேரத்துக்கு வந்துவிடு அப்பா என்று காலையில் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வழியை மறிக்கும் நிறுவல் யார் கணக்கில் ஓடுகிறது என்று தேடினான். சோடாபுட்டி என்று வந்தது. போகிற இடமெல்லாம் பட்டப்பெயரிலேயே கணக்குத் திறப்பது இவன் கம்பெனி வழக்கம். சோடாபுட்டியும் அதே கம்பெனிதான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று முதலாளி பத்து நாளாக அவனைத் திட்டித் தீர்க்கிறார். ஓடுகிறவன் இதையாவது நிறுத்திவிட்டு ஓடியிருக்கக் கூடாதா? எரிச்சலாக வந்தது.

மறிப்பதை நிறுத்திவிட்டு வேலையைப் பார், யாருடையது, எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்காதே. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். இவனுக்கோ கம்பெனியில் அவசரக்குடுக்கை என்றே பேர். நிறுத்தினான்.

இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் ஏதோ சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது உறைத்தது. யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக. திரையிலும் சோடாபுட்டி திரும்ப வந்திருந்தான்.

மறுபடி நிறுத்தினான். சுவரில் உள்ளங்கையால் அடித்தார்கள். இரண்டு அடி. பிறகு தட்டச்சு, தடுமாறித் தடுமாறி.

விடுமுறை நாளில் அந்தப் பக்கம் யார்? மாடி ஏறும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் அறையே இல்லை. வெட்டவெளி.

மணி நாலே முக்கால். பிள்ளை காத்திருப்பாள்.

பலவந்தமாக நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தான்.

சுவருக்குப் பின்னால் கனமாக ஏதோ சரிந்து விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. கோடு சரசரவென்று நூறைத் தொட்டது. பிரிண்டர் தானாகவே ஒரு தாளை இழுத்து மூன்று வரி அடித்துத் தள்ளியது.

"யாரது? நிறுத்தாதே."

"கால் மரத்துப்போச்சு. நிறுத்தாதே."

"மூச்சு"

அவ்வளவுதான்.

அவன் கதவுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. வெளியே அவனுடைய போன் மணியடித்தது. மகளுக்கென்று வைத்திருந்த மணி. மேலாளர் எடுத்தார். அவ்வளவு கனிவான குரலை அவரிடம் அவன் கேட்டதே இல்லை.

"அப்பாவா? அவர் பாதியிலேயே கிளம்பிட்டாரும்மா."

கத்தினான். கதவை உதைத்தான். காலடிகள் சாவகாசமாகத் தேய்ந்து போயின. கணினிக்கு ஓடி வந்து தட்டினான். நான் உள்ளே இருக்கிறேன். நான் உள்ளேதான் இருக்கிறேன். பிரிண்டர் தாளை இழுக்கவில்லை. மறுபடி தட்டினான். மறுபடி.

எத்தனை நேரமோ. எத்தனை நாளோ.

இடப்பக்கச் சுவருக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு பெண் குரல், அலுப்போடு:

"நாற்பத்து மூணுலயே நிக்குது சார். அவசரக்குடுக்கைன்னு ஒருத்தரோடது ஓடிட்டிருக்கு. அவரு ஓடிப்போயி நாளாச்சு. நிறுத்திடறேன்."

அவன் கைகள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. பிறகு வேகமாக அடித்தான்.

யாரது? நிறுத்தாதே.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை.