சிவப்பு வண்டியின் டேங்க்

காலை ஏழு மணி. மலை வீட்டுக் கதவை எவ்வளவு தட்டியும் திறக்காததால், பால்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தார். கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

வயதானவர், கால் இடறியிருக்கும் என்று உச்சுக்கொட்டிவிட்டு எல்லோரும் போயிருப்பார்கள். ஆனால் விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளின் சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தார். மேல்கையில் யாரோ இறுக்கிப் பிடித்த விரல்களின் தடம் நீலம் பாரித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் காவலாளி வேறு தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

"நேத்து பொழுது சாயற நேரம் மேடம். தரையோட தரையா ஒரு சிவப்பு வண்டி இந்த வீட்டு கேட்டை விட்டுப் போச்சு. ரெண்டு பேர்தான் உக்கார முடியும். ஓட்டினவரை நான் பாக்கல."

அந்த வட்டாரத்திலேயே அப்படி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான் உண்டு. மலையடிவாரத்து நகரத்தில் இருக்கும் அம்மாளின் தம்பியுடையது. அவரோ கால் உடைந்து, கட்டுப் போட்டு, சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரை விட்டால் அதை ஓட்டுபவர் டிரைவர் மட்டும்தான். நேற்று அவருக்கு விடுமுறை. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்க, தனியாக வீட்டில் படுத்திருந்தாராம். சாட்சி யாரும் இல்லை.

"அப்புறம் என்ன யோசனை? டிரைவரைத் தூக்கி உள்ளே வைங்க. சாயங்காலத்துக்குள்ள முடிங்க" என்றார் மேலதிகாரி போனில்.

டிரைவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மனைவிக்கு நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நேரே தம்பிக்காரர் வீட்டுக்குப் போனார்.

அழுது அழுது தம்பிக்காரரின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னார்.

"வண்டி வெளிய போகலம்மா. தினம் காலையில ஷெட்டுக்கு வந்து சாவியைத் திருப்பிப் பெட்ரோல் முள்ளைப் பாப்பேன். டேங்க் குறைஞ்சா எனக்குத் தூக்கம் வராது. இன்னிக்கும் நிறைஞ்சுதான் இருக்கு."

"மலைக்குப் போய் வந்தா எவ்வளவு குறையும்?"

"பாதிக்கு மேல. பெட்ரோலை அப்படிக் குடிக்கிற கழுதை இது."

"சாவி?"

"கூடத்துல ஆணியில தொங்கும். நேத்து மத்தியானம் வலி மாத்திரை போட்டுப் படுத்தவன் ராத்திரிதான் கண் முழிச்சேன்."

அடுத்து மாப்பிள்ளை. வீட்டோடு இருப்பவர். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. துக்க வீட்டுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

"நேத்து சாயங்காலம் எங்க சார் இருந்தீங்க?"

"வீட்டுலதான். என் கார் ஒர்க்‌ஷாப்ல கிடக்கு. எதுல போறது?"

"மாமனார் வண்டி இருக்கே."

"அதுவா? சாவியை உருவின பிறகும் செருமிக்கிட்டு, உடம்பை உதறிட்டுத்தான் நிக்கும். அந்தக் கிழட்டு வண்டியில எவன் ஏறுவான்? நான் ஒரு நாளும் தொட்டதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, தம்பிக்காரரின் ஒரே மகள், தலையை ஆட்டினாள். "ஆமா, இவர் வீட்டுலதான் இருந்தார்."

மதியம் ஒரு மணிக்கு டிரைவரை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்ஸ்பெக்டரே வண்டியை எடுத்தார். தெருவில் வண்டி சாதுவாகத்தான் போனது. பாலத்து மேட்டில் ஏறி மிதித்ததும் உள்ளே கடகடவென்று சத்தம். டிரைவரின் முகம் வெளிறியது.

"மேடம், மிதிக்காதீங்க. இன்ஜின் தட்டுது. இது நம்ம பெட்ரோல் இல்ல."

"பெட்ரோல்ல என்ன நம்ம, உங்க?"

"இந்த வண்டிக்கு இன்ஜின்ல அழுத்தம் ஜாஸ்தி. ஆக்டேன் கூடின உசத்தி பெட்ரோல்தான் தாங்கும். சாதாவை ஊத்தினா, நேரம் காலம் பாக்காம அதுவா வெடிக்கும். ஐயா பட்டினி கிடந்தாலும் கிடப்பார், இதுக்குச் சாதா பெட்ரோல் போட மாட்டார். நானும் அப்படித்தான்."

இன்ஸ்பெக்டர் ஓரமாக நிறுத்திச் சாவியை உருவினார். வண்டி நிற்கவில்லை. செருமியது, உதறியது, மறுபடி செருமியது. கையிலிருந்த சாவியையும் தன்னால் உறுமிக்கொண்டிருந்த அந்த வண்டியையும் இன்ஸ்பெக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் சாதா பெட்ரோல் பண்ற வேலைதான் மேடம். இன்ஜின் சூட்டுலயே தானா எரியுது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இது இப்படிச் செஞ்சதில்ல."

"ஒரு தடவைகூடவா?"

"சத்தியமா. ஐயாவைக் கேளுங்க."

கேட்டார். அவரும் அதையே சொன்னார். கால் உடைந்த நாளிலிருந்து வண்டியை யாரும் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை என்றும் சொன்னார்.

நாலு மணி. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"மலைக்குப் போய் வந்ததும் டேங்க்கை நிரப்பினா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்க, சார்" என்றார் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம். "ஆனா ஊத்தினது சாதா பெட்ரோல். டிரைவர் செத்தாலும் அதைச் செய்ய மாட்டார்."

"பெட்ரோலை வெச்சு என் மேல பழி போடுறீங்களா?"

"இல்ல, உங்க வாயை வெச்சு. சாவியை உருவினாலும் வண்டி செருமும்னு காலையில சொன்னீங்க. நல்ல பெட்ரோல்ல ஓடினவரைக்கும் அது செருமினதே இல்ல. அந்தச் சத்தம் நேத்துதான் முதல் தடவை வந்திருக்கும். அதைக் கேட்டவர், நேத்து ஓட்டிட்டு வந்து நிறுத்தினவர். இனிமே மலையிலிருந்து ஊருக்குள்ள வர்ற வழியில இருக்கிற பங்க்குகள்ல விசாரிச்சாப் போதும்."

மாப்பிள்ளையின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும் நெருங்கினார்கள்.

"எதுக்குடா?" தம்பிக்காரர் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளினார். "எங்க அக்கா உனக்கு என்ன பாவம் பண்ணினா?"

"அந்த மலை வீட்டை ஆஸ்பத்திரிக்கு எழுதி வைக்கப் போறாங்களாம். உங்க மகளுக்கு வர வேண்டிய வீடு. பேசத்தான் போனேன்."

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்க. உங்க மனைவி ஸ்டேஷன் வாசல்லயே நிக்கிறாங்க" என்றார். அவர் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக ஓடினார்.

தம்பிக்காரர் மட்டும் எதையோ யோசித்தபடி இருந்தார். "நான் காலையில முள்ளைப் பாக்கிறது இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் எழுந்திரிக்கிறதே பத்து மணிக்குத்தானே?"

அவர் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"நான்தான்பா நிரப்பச் சொன்னேன்" என்றாள் மகள். அவள் குரலில் அழுகை இல்லை. "பெட்ரோல்ல ரெண்டு வகை இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த வண்டி கிட்ட நீங்க என்னை விட்டதே இல்லயே."